எத்தனை அந்தர், எந்தத் தேதிக்குள்? – இலங்கைப் பயணக் குறிப்புகள்

செவ்வாய், மார்ச் 11, 2025 – யாழ்ப்பாணம்

2021 மே 6ஆம் தேதி இலங்கை அரசு ஒரு வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தல் வெளியிட்டது. அன்றிலிருந்து இரசாயனப் பசளை (நம் பக்கம் உரம்), பூச்சிமருந்து, களைக்கொல்லி எதுவும் நாட்டுக்குள் இறக்குமதியாகக் கூடாது. அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச 2019 தேர்தல் அறிக்கையில், பத்து ஆண்டுகளில் இயற்கை விவசாயத்துக்கு மாறுவோம் என்றுதான் சொல்லியிருந்தார். அந்தப் பத்து ஆண்டை ஒரே கையெழுத்தில் தாண்டப் பார்த்தார்கள். நவம்பர் 24ஆம் தேதி தடையைத் திரும்பப் பெற்றபோது ஒரு பெரும்போகமே (அக்டோபரில் விதைக்கும் பெரிய நெல் பருவம்) கைவிட்டுப் போயிருந்தது. அடுத்த ஜூலையில் ஜனாதிபதியும் நாட்டை விட்டுப் போனார்.

இது செய்தித்தாளில் எல்லோரும் படித்ததுதான். கொழும்பில் போட்ட கையெழுத்து வயலில் எப்படி வந்து இறங்கியது என்பதை நேரில் கேட்கவே இந்தப் பயணம். வடக்கில் தொடங்கி, குளம் குளமாகத் தெற்கே இறங்கி, கடைசியில் கொழும்பு. முடிந்தவரை அன்றன்றே எழுதிப் போடுகிறேன்.

காலையில் சென்னையிலிருந்து பலாலி விமான நிலையம். மதியத்துக்குள் உரும்பிராய்ப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டத்தில் இருந்தேன். செம்மண் என்றால் அப்படி ஒரு செம்மண், செருப்பே நிறம் மாறிவிட்டது. தோட்டக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். தடையைப் பற்றிக் கேட்டதும் அவர் 2021க்குப் போகவில்லை, நேரே 1990க்குப் போனார்.

“எங்களுக்குத் தடை புதுசில்லைத் தம்பி. தொண்ணூறில இருந்தே யூரியா வரவிடேல்லை. குண்டு செய்யலாம் எண்டு சொல்லி நிப்பாட்டினவை. குழை தாட்டு, பட்டி அடைச்சு, எப்பிடியோ செய்தனாங்கள்.”

வேலியில் நிற்கும் கிளுவை, பூவரசின் இலைதழையை வெட்டி மண்ணுக்குள் புதைப்பது குழை தாழ்ப்பது. மாட்டையோ ஆட்டையோ இரவில் வயலிலேயே அடைத்து வைத்து எருச் சேர்ப்பது பட்டி அடைப்பது. நம் பக்கம் கிடை போடுவது என்போம். சரி, அப்படிப் பழகியவருக்கு 2021 எளிதாக இருந்திருக்குமே என்று நினைத்துக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

“அப்ப மாடு நிண்டது. வேலியில கிளுவை நிண்டது. இப்ப பாருங்கோ, எல்லாம் மதில். குழைக்கு ஆற்ற (யாருடைய) வீட்டை போறது?”

சுற்றிப் பார்த்தேன். உண்மைதான். தோட்டத்தைச் சுற்றி மூன்று பக்கமும் சீமெந்து மதில். வெளிநாட்டுக் காசில் எழுந்த மதில்கள். உழவு இயந்திரம் வந்தபின் மாடுகளும் குறைந்துவிட்டன. இயற்கை விவசாயம் என்பது ஒரு மனநிலை இல்லை, அதற்கு மாடு வேண்டும், மரம் வேண்டும், அவை நிற்க இடம் வேண்டும். இது அந்தத் தோட்டத்தில் ஐந்து நிமிடம் நின்றாலே தெரிகிறது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே கொட்டுகிற பசளை நேரே கிணற்றுக்கு இறங்கிவிடும். இங்குள்ள கிணறுகளில் நைட்ரேட் அளவுக்கு மீறி இருப்பதை எண்பதுகளிலிருந்தே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. பசளையைக் குறைக்கத்தான் வேண்டும், அதைப் பெரியவரும் மறுக்கவில்லை. “குறைக்கச் சொல்லியிருந்தா குறைச்சிருப்பம்” என்றார்.

புதன், மார்ச் 12 – கிளிநொச்சி

ஆனையிறவு தாண்டியதும் நிலம் தட்டையாகி வானம் பெரிதாகிவிடுகிறது. ஏ9 வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. பஸ், லாரி எல்லாம் ஒதுங்கித்தான் போகின்றன. யாரும் ஹாரன் அடித்துச் சண்டை போடுவதில்லை. போக்குவரத்து விதிப்படி இது குற்றமாகவே இருக்கலாம். ஆனால் அறுத்த நெல்லைப் பரப்ப வேறு தளம் இல்லை.

பெருக்குமாறால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். போருக்குப் பின் தனியாளாக இரண்டு ஏக்கர் வயல் பார்க்கிறார். பிப்ரவரி 5ஆம் தேதி அரசு நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது: கிலோ ‘நாடு’ ரக நெல் 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. ஆனால் அந்த விலை 14 சதவீத ஈரப்பதத்துக்குள் இருக்கும் நெல்லுக்கு. அறுவடை இயந்திரத்திலிருந்து கொட்டும் நெல்லில் ஈரம் இருபதைத் தாண்டி நிற்கும். காயவைக்க இடமும் வெயிலும் இருப்பவருக்குத்தான் அரசு விலை. மற்றவர்கள் வயல் வரம்பிலேயே தனியார் வியாபாரிக்கு ஈரத்தோடு கொடுத்துவிடுகிறார்கள், அவர் சொன்ன விலைக்கு.

“ரெண்டு நாள் நல்ல வெயில் எறிச்சா கிலோவுக்கு இருபது ரூபா கூடக் கிடைக்கும் தம்பி. அதான் இந்த ரோட்டில நிக்கிறன்.”

கிழக்கில் ஜனவரியிலேயே அறுவடை தொடங்கிவிட்டது. விலை அறிவிப்பு வந்தது பிப்ரவரியில். இது புதிய அரசு. கோபத்தோடு மக்கள் தேர்ந்தெடுத்த, மாற்றம் தருவோம் என்று சொன்ன அரசு. ஆட்சி மாறியும் அறிவிப்பு நெல்லுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

2021 பற்றி அக்கா அதிகம் பேசவில்லை. பயிர் மஞ்சளாகிப் போனதைச் சொன்னார். ஏக்கருக்கு வழக்கமாக எடுப்பதில் பாதிகூட வரவில்லை என்றார். அடகு வைத்த காப்பு திரும்பவில்லை என்றார். அப்புறம் நெல்லைத் தள்ளப் போய்விட்டார்.

பிற்பகல் ஒரு தேநீர்க் கடையில், கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பில் முன்பு செயலாளராக இருந்த ஒருவருடன் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். என் நோட்டில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. இங்கே பசளையை அந்தர் கணக்கில்தான் பேசுவார்கள், 50 கிலோ மூட்டை. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், ஆக ஓர் அந்தரில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நைட்ரஜன் ஒன்று அல்லது ஒன்றரை சதவீதம். அந்த 23 கிலோவைக் கூட்டெருவால் கொடுக்க வேண்டுமானால் ஏறக்குறைய இரண்டு டன் வேண்டும். நெல்லுக்கு ஏக்கருக்கு இரண்டு அந்தர் யூரியா என்று வைத்தால் நான்கு டன் கூட்டெரு. அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மீதி மெல்ல மெல்லத்தான் கரையும். பெரும்போகத்தில் நாடு முழுக்க விதைப்பது சுமாராகப் பதினெட்டு லட்சம் ஏக்கர். பெருக்கிப் பார்த்தால் 70 லட்சம் டன்னைத் தாண்டுகிறது. பத்து டன் லாரியில் ஏற்றினால் ஏழு லட்சம் நடை. கூட்டெரு பக்குவமாக மூன்று மாதம் ஆகும். மே மாதம் ஆணை, அக்டோபரில் விதைப்பு.

ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்த கணக்கு இது. அமைச்சரவை மேசையில் யாராவது ஒருவர் இதைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? போட்டிருக்கலாம், சொல்லியிருக்க மாட்டார்கள். அதுதான் இன்னும் மோசம்.

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட இன்னொரு விஷயம் எனக்கு இந்தப் பயணத்திலேயே பெரிய செய்தி: பயிர்ச்செய்கைக் கூட்டம். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் குளத்துக்குக் கீழ் வயல் உள்ளவர்கள் எல்லோரும் கூடுவார்கள். மாவட்ட நிர்வாகத்தின் தலைவரான அரசாங்க அதிபர் தலைமை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழுந்து குளத்தில் இன்று எத்தனை அடி என்று சொல்வார். இங்குள்ள பெரிய குளமான இரணைமடு நிறைந்தால் 36 அடி. பெரும்போகத்தில் அதன் கீழ் 20 ஆயிரம் ஏக்கருக்கு மேல் விதைப்பு. அடுத்து வரும் சின்னப் பருவமான சிறுபோகத்தில் தண்ணீர் தாங்குகிற அளவுதான். எத்தனை ஏக்கர், யார் யாருக்கு, எந்தத் தேதியில் தண்ணீர் திறப்பு, எந்தத் தேதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும், எத்தனை மாத நெல், மாடுகளை எப்போது கட்ட வேண்டும் எல்லாம் அங்கே முடிவாகும். சண்டை வரும், கத்துவார்கள், வெளிநடப்பும் உண்டு. ஆனால் அங்கே எடுக்கும் முடிவுக்குச் சட்ட வலு இருக்கிறது.

“அங்க ஆரும் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்ல ஏலாது. அடிக்கட்டை முன்னால நிக்குது” என்றார். குளத்தின் நீர்மட்ட அளவுகோலைச் சொல்கிறார்.

வியாழன், மார்ச் 13 – மதவாச்சி, அனுராதபுரம்

இன்று போயா, பௌத்தர்களின் பௌர்ணமி நாள். நாடு முழுக்க விடுமுறை. அனுராதபுரத்தில் ஸ்ரீ மகா போதிக்குப் போகும் சாலை முழுவதும் வெள்ளை உடை. தங்குவதற்கு அறை கிடைக்கவே மதியமாகிவிட்டது. அதைச் சொல்லி உங்களை அலுப்பூட்டவில்லை.

வழியில் மதவாச்சியில் இறங்கினேன். சாலையோரம் ஒரு சிறிய கட்டடம், வெளியே கேன்களோடு வரிசை. குடிநீர் சுத்திகரிப்பு நிலையம். இந்த வட மத்திய மாகாணத்தில்தான் தொண்ணூறுகளில் ஒரு சிறுநீரக நோய் கவனத்துக்கு வந்தது. சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இல்லாத, வயலில் வேலை செய்யும் நடுத்தர வயது ஆண்களுக்கே அதிகம். கடின நீரா, ஃபுளோரைடா, விவசாய மருந்தா, வெயிலில் உடல் வற்றுவதா, எது காரணம் என்று விஞ்ஞானிகள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை. கோட்டாபய தன் தடைக்குச் சொன்ன முக்கிய நியாயங்களில் ஒன்று இந்த நோய். வரிசையில் நின்ற முகங்களைப் பார்த்தால் அந்த நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் இவர்களுக்கு வேண்டியது நல்ல தண்ணீரும் பக்கத்தில் ஒரு டயாலிசிஸ் இயந்திரமும். அவர்கள் பெயரைச் சொல்லிப் பிறந்த ஆணை அவர்கள் வீட்டு நெல்லையே பாதியாக்கியது.

மாலையில் திஸ்ஸ வாவிக் கரையில் நடந்தேன். இந்தக் குளத்துக்குத் தண்ணீர் வருவது கலா வாவியிலிருந்து, ஏறக்குறைய 87 கிலோமீட்டர் நீளமுள்ள யோத எல என்ற கால்வாய் வழியாக. முதல் 17 மைலில் மைலுக்கு ஆறு அங்குலம்தான் சரிவு என்பார்கள். ஐந்தாம் நூற்றாண்டு வேலை. கட்டியவன் தாதுசேனன்.

அவனைப் பற்றி இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்லும் கதை ஒன்று உண்டு. மகன் காசியப்பன் அப்பனைச் சிறையில் போட்டு, புதையலைக் காட்டு என்கிறான். கிழவன் கலா வாவிக்கு அழைத்துப் போகச் சொல்கிறான். தண்ணீரில் இறங்கிக் குளிக்கிறான், அள்ளிக் காட்டி, என் சொத்து இவ்வளவுதான் என்கிறான். மகன் கொன்றுவிடுகிறான்.

இதை வைத்து அந்தக் கால அரசர்களைக் கொண்டாட நான் தயாரில்லை. இந்தக் கரைகள் எல்லாம் ராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பில் எழுந்தவை. ஆங்கிலேயர் 1830களின் தொடக்கத்தில் அதை ஒழித்தார்கள். நல்ல ஆணைதான், யார் குறை சொல்வது? ஆனால் ஊர்க் குளத்தின் கரைக்கு ஆண்டுதோறும் மண் போட்டதும் அந்த உழைப்புதான் என்பதை லண்டனில் யாரும் யோசிக்கவில்லை. மாற்று ஏற்பாடு இல்லை. குளங்கள் தூர்ந்தன, கரைகள் உடைந்தன. 1856இல் ஒரு சட்டம் போட்டு ஊர் வழக்கங்களைத் திரும்ப உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. கையெழுத்து நல்லதாக இருந்தாலும், அடுத்த மழைக்கு முன் அந்த மண்ணை யார் சுமப்பார்கள் என்ற கேள்வி இருக்கிறது.

ஊர்க்காரர்கள் தாங்களே செய்துகொண்ட ஏற்பாட்டைப் பாருங்கள். பெத்ம என்கிறார்கள். குளத்தில் தண்ணீர் குறைந்த போகத்தில், குளத்துக்கு அருகில் உள்ள வயலை மட்டும் விதைப்பார்கள். அந்த வயல் யாருடையதாக இருந்தாலும், குளத்துக்குக் கீழ் நிலமுள்ள எல்லோருக்கும் அவரவர் பங்குக்கு ஏற்ப ஒரு துண்டு கிடைக்கும். பற்றாக்குறையைப் பங்கு போடுவது. நம் பக்கம் கடைமடைக்காரனிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டான்.

வெள்ளி, மார்ச் 14 – பொலன்னறுவை

பராக்கிரம சமுத்திரம். பேருக்கேற்ற குளம், அக்கரை மங்கலாகத்தான் தெரிகிறது. வானிலிருந்து விழும் ஒரு துளியும் மனிதனுக்குப் பயன்படாமல் கடலுக்குப் போகக் கூடாது என்று பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு சொன்னதாகச் சொல்வதை எல்லா அரசியல்வாதிகளும் மேடையில் சொல்கிறார்கள்.

என்னை இங்கே உறுத்தியது வேறு விஷயம். நம்மிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது, விவசாயி மகன் ஆட்சிக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று. மைத்திரிபால சிறிசேன இந்தக் குளக்கரையில் வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் இருந்த அவர் தந்தைக்கு அரசு கொடுத்த ஐந்து ஏக்கர் வயல் இங்கேதான். அவர் ஜனாதிபதியானதும் 2015இல் கிளைஃபோசேட் களைக்கொல்லிக்குத் தடை போட்டார். காரணம் அதே சிறுநீரக நோய். களை எடுக்க வேறு வழி சொல்லவில்லை. 2018இல் தேயிலைக்கும் இரப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். 2021க்கு இது ஒரு சின்ன ஒத்திகை. யாரும் பாடம் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னும் பின்னால் போனால் டி. எஸ். சேனநாயக்க. 1931 முதல் நெடுங்காலம் விவசாய அமைச்சர், பிறகு முதல் பிரதமர். குளங்களைத் திருத்தி, காட்டை வெட்டி, நிலமற்றவர்களைக் குடியேற்றியவர். மண்ணைத் தெரிந்தவர், சந்தேகமே இல்லை. அதே மனிதரின் ஆட்சியில்தான் 1948இல் மலையகத் தமிழர்களின் குடியுரிமை போனது. கல்லோயாக் குடியேற்றம் கிழக்கின் இன விகிதத்தை மாற்றியது. மண்ணைத் தெரிந்திருப்பது வேறு, அதில் நிற்கும் எல்லோரையும் மனிதராக எண்ணுவது வேறு. அதனால் ‘தலைவருக்கு விவசாயம் தெரியாது’ என்ற புகாரோடு நான் நின்றுவிட விரும்பவில்லை.

கதுருவெலயில் பசளைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் (இங்கே ‘நானா’ என்பார்கள்) ஒருவர் தமிழில் பேசக் கிடைத்தார். அன்று முழுக்க சைகையிலேயே காலம் தள்ளிய எனக்கு அவர் பெரிய ஆறுதல்.

“காசைக் கையில வச்சிட்டு வந்து நிப்பாங்க தம்பி. அலுமாரி காலி. எனக்கு முகம் குடுக்க ஏலாம கடையைப் பூட்டிட்டு ஊட்டுல இருந்தேன். தடை எடுத்த பொறகும் சாமான் வரல்ல. டொலர் இல்லயே.”

இதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. நவம்பர் 24இல் தடையை எடுத்ததும் பசளை வானத்திலிருந்து விழுந்துவிடவில்லை. விதைத்த நெல்லுக்கு இரண்டாவது வாரம், நான்காவது வாரம், ஏழாவது வாரம் என்று யூரியா போடும் நாட்கள் உண்டு. கதிர் உருவாகும் வாரம் தாண்டிவிட்டால் அப்புறம் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் அந்தப் போகத்துக்கு உதவாது. தடை நீங்கிக் கப்பல் வருவதற்குள் நெல் தன் வேலையை முடித்துக்கொண்டது. 2022இல் கள்ளச் சந்தையில் ஓர் அந்தர் 40,000 ரூபா வரை போனது. 2005க்குப் பிறகு நெடுங்காலம் மானியத்தில் 350 ரூபாவுக்கு வாங்கிய மூட்டை அது. 2020இல் 51 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல் 2022இல் 34 லட்சம் டன்.

சனி, மார்ச் 15 – கண்டி போகும் வழி

இன்று காலை 8 மணி முதல் 8:05 வரை இலங்கை முழுவதும் குரங்கு எண்ணினார்கள். விளையாட்டு இல்லை, விவசாய அமைச்சின் கணக்கெடுப்பு. குரங்கு, மயில், மர அணில் எல்லாம் அவரவர் தோட்டத்தில் அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை என்று படிவத்தில் எழுத வேண்டும். நான் தங்கிய வீட்டுக்காரர் கையில் பேனாவோடு தென்னையடியில் நின்றார். 7:50க்குக் கூரையில் ஒரு கூட்டமே ஓடியது. எட்டு மணிக்கு ஒன்றும் இல்லை. ஒரு மயில் மட்டும் வந்தது, அதுவும் பக்கத்து வீட்டு மதிலில். அதை யார் கணக்கில் எழுதுவது என்று இரண்டு வீட்டுக்காரர்களும் பேசிக்கொண்டார்கள்.

இந்த நாட்டில் குரங்குக்கு அரசியல் முக்கியத்துவம் உண்டு. 2023இல் அன்றைய விவசாய அமைச்சர் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்றார். போன மாதம் 9ஆம் தேதி நாடே இருளில் மூழ்கியபோது, மின் நிலையத்தில் ஏறிய குரங்குதான் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் சொன்னார். ஆனாலும் இன்றைய கூத்தைப் பார்த்து முழுதாகச் சிரிக்க முடியவில்லை. தேங்காயையும் காய்கறியையும் குரங்கிடம் பறிகொடுப்பவர்களுக்கு அது உண்மையான நஷ்டம். எண்ணிவிட்டுத்தான் முடிவெடுப்போம் என்று ஓர் அமைச்சு நினைத்ததே, அதைப் பாராட்டலாம். ஐந்து நிமிடத்தில் எண்ணுவோம் என்று நினைத்ததைத்தான் என்ன சொல்ல!

தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கு வந்து, மாலையில் பேராதனை. விவசாயத் திணைக்களத்தின் தலைமையகமும் பல்கலைக்கழக விவசாய பீடமும் ஒரே ஊரில். அதாவது அரசுக்குத் தேவையான அறிவு முழுவதும் அரசிடமே இருந்தது. விஞ்ஞானிகள் 2021இல் எழுத்திலேயே எச்சரித்தார்கள். பகிரங்கமாக விமர்சித்த பேராசிரியர் புத்தி மாரம்பே விவசாய அமைச்சில் வகித்த பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார்.

அவர்கள் சொன்னதில் ஒன்று மிக எளிமையானது. இன்று வயலில் இருக்கும் பீஜி ரக நெல் எல்லாம் பத்தலேகொட ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. குட்டையாக நின்று, நைட்ரஜனை நிறைய எடுத்து, நிறையக் கதிர் விடும்படி தேர்ந்தெடுத்த ரகங்கள். பழைய ரகங்கள் குறைந்த சத்திலும் ஏதோ விளையும், ஆனால் விளைச்சல் குறைவு. விதையை மாற்றாமல் பசளையை மட்டும் எடுத்தால் இரண்டு காலத்தின் நஷ்டமும் சேர்ந்து வரும். விதையை மாற்றவும் விதைநெல் வேண்டும், அதைப் பெருக்கப் பல போகம் வேண்டும். தேர்தல் அறிக்கையில் போட்ட பத்து ஆண்டுக்கு அர்த்தம் இருந்தது இங்கேதான்.

ஞாயிறு, மார்ச் 16 – ஹட்டன்

ரயிலில் இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே வந்தேன். காட்சிகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீடு ஒன்றின் வாசலில் உட்கார்ந்து பேசினோம். இருபது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறிக்கும் அக்கா. நாட்சம்பளம் இப்போது, 2025 மார்ச்சில், 1,350 ரூபா. தடை வந்த ஆண்டில்தான், 2021 மார்ச்சில், நெடுநாள் போராடிய ஆயிரம் ரூபாவே கிடைத்திருந்தது. அடுத்த மாதங்களில் கொழுந்து இல்லை.

“மல முழுக்க ஏறி எறங்குனாலும் கூடை நெறயாது தம்பி. கிலோ கொறஞ்சா அரைப் பேரு. ஆயிரம் ரூவான்னு பேப்பர்ல இருந்துச்சு, கையில அஞ்சுநூறு.”

பறிக்க வேண்டிய கிலோவைத் தொடவில்லை என்றால் பாதி நாள் கூலிதான், அதுதான் அரைப் பேர். தேயிலைச் செடி நெல்லைவிடக் கொஞ்சம் பொறுமையானது, உடனே படுத்துவிடாது. ஆனால் உலர்ந்த தேயிலையில் ஏறக்குறைய நான்கு சதவீதம் நைட்ரஜன். 100 கிலோ தேயிலை மலையை விட்டு இறங்கினால் நான்கு கிலோ நைட்ரஜனும் கூடவே இறங்குகிறது. நூற்றைம்பது ஆண்டாக இறங்கிக்கொண்டே இருக்கும் மலை இது. திரும்பக் கொடுக்காவிட்டால் எங்கிருந்து துளிர்க்கும்?

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். தேயிலைக்கு 2021 அக்டோபரிலேயே விதிவிலக்கு கொடுத்தார்கள். நெல்லுக்கு நவம்பர் கடைசி வரை இல்லை. தேயிலை டாலர் கொண்டுவரும் பயிர், கொழும்பில் அதற்குப் பேச ஆள் உண்டு. அப்படியும் 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி அடுத்த ஆண்டு 25 கோடியை ஒட்டி இறங்கியது.

அக்காவின் மகன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். மகளுக்குப் பத்தாம் வகுப்பு. “இவ மலையேற மாட்டா” என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கள், மார்ச் 17 – கொழும்பு

காலிமுகத்திடல். 2022 ஏப்ரல் 9ஆம் தேதி முதல் ‘கோட்டா கோ கம’ என்ற போராட்டக்காரர்களின் கூடார ஊர் இருந்த இடம். இப்போது பட்டம் விடுகிறார்கள். எதிரே பழைய நாடாளுமன்றக் கட்டடம், இன்றைய ஜனாதிபதி செயலகம். ஜூலை 9ஆம் தேதி கூட்டம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 13ஆம் தேதி கோட்டாபய மாலத்தீவுக்குப் பறந்தார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல்.

பசளை மட்டும் அவரை வீழ்த்தியது என்று சொன்னால் பொய். 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து எட்டாகக் குறைத்தார்கள். கொரோனாவில் சுற்றுலா படுத்தது. டாலர் கரைந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். பசளைத் தடையே டாலரை மிச்சம் பிடிக்கும் தந்திரம்தான் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் மிச்சம் என்ன? அரிசியை இறக்குமதி செய்ய டாலர் போனது. நட்டப்பட்ட பத்து லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபா இழப்பீடு என்று 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். அதே மாதம் ஒரு சீன நிறுவனத்துக்கு 67 லட்சம் டாலரும் போனது.

அந்தச் சீனக் கப்பல் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தடைக்குப் பின் இயற்கைப் பசளை நாட்டில் போதாது என்று தெரிந்ததும், அதையே வெளிநாட்டிலிருந்து வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். இறக்குமதியைக் குறைக்க வந்த கொள்கை எருவை இறக்குமதி செய்யப் போனது. ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் புறப்பட்டது. மாதிரியைச் சோதித்த இலங்கைத் தாவரத் தனிமைப்படுத்தல் பிரிவு, பயிருக்குத் தீங்கு செய்யும் பாக்டீரியா இருக்கிறது என்றது. சரக்கை ஏற்க மறுத்தார்கள். சீனத் தூதரகம் இங்குள்ள அரச வங்கி ஒன்றைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. கப்பல் வாரக்கணக்கில் சுற்றுக் கடலிலேயே திரிந்தது. கடைசியில் ஒரு மூட்டையும் இறங்காத சரக்குக்குப் பணம் கொடுத்தார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர், அந்த மாதிரியைச் சோதித்து உள்ளதை உள்ளபடி எழுதிய ஊழியர். மேலே இருந்து எவ்வளவு நெருக்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

2022 ஏப்ரல் 18ஆம் தேதி, பசளைத் தடை தவறு என்று கோட்டாபய ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் எனக்குப் போதவில்லை. தடை தவறு என்பதைவிட, அதை மே மாதத்தில் தடுத்து நிறுத்த ஓர் ஏற்பாடும் இல்லாமல் போனதுதான் பெரிய தவறு. கிளிநொச்சியில் ஒரு சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்க இத்தனை பேர் கூடி, அடிக்கட்டையைப் பார்த்து, தேதி எழுதி, கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. நாட்டின் எல்லாப் போகத்துக்குமான முடிவை எடுக்க அப்படி யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆண்டு (2025) நெல் விவசாயிக்குப் பசளைக்காக ஹெக்டேருக்கு 25,000 ரூபா வங்கிக் கணக்கில் போடுகிறார்கள், அதிகம் இரண்டு ஹெக்டேர் வரை. பணமாக வருவது நல்லது என்றுதான் நான் பேசிய எல்லோரும் சொன்னார்கள். எப்போது வருகிறது என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள்.

நாளை காலை விமானம். இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்: யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி, வவுனியா வழி பஸ் அடிக்கடி உண்டு. போயா நாளில் அனுராதபுரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஹட்டன் ரயிலுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். பயிர்ச்செய்கைக் கூட்டம் பார்க்க வேண்டுமானால் சிறுபோகத்துக்கு முன்னால் மார்ச், ஏப்ரலில் வாருங்கள். தேதியைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். பின் வரிசையில் உட்கார்ந்து சத்தம் போடாமல் கேட்பதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள் என்று அந்த முன்னாள் செயலாளர் சொன்னார். மதியச் சாப்பாட்டை மட்டும் கையோடு கொண்டுபோய்விட வேண்டுமாம், கூட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.